பெருஞ்சாமையின் இலக்கணம்

கொல்லிமலையில் ஆகாயகங்கை அருவியைப் பார்க்க இறங்கியவர்கள் ஏறக்குறைய ஆயிரம் படிகளைத் திரும்ப ஏறி வரவேண்டும். மூச்சு வாங்க மேலே வந்து சேருகிறவர்களை நம்பி அங்கே சூப் கடைகள் இருக்கின்றன. அட்டையில் ‘முடவாட்டுக்கால் சூப்’ என்று எழுதியிருக்கும். ‘ஆட்டுக்கால்’ என்பதைப் பார்த்ததும் அறப்பளீசுவரரைக் கும்பிட வந்த சைவக் குடும்பம் தயங்கும். “கிழங்குங்க, சைவந்தான்” என்று கடைக்கார அம்மா டம்ளரை நீட்டுவார். பாறைகளிலும் மரங்களிலும் பற்றி வளரும் ஒரு பெரணிச் செடியின் கிழங்கு அது. மேலெல்லாம் பழுப்பு ரோமம். கையில் எடுத்துப் பார்த்தால் ஆட்டுக்குட்டியின் கால் போலவே இருக்கும். முடவனையும் காலை ஆட்ட வைக்கும் என்பதால் இந்தப் பெயர் என்று ஒருவர் பிரித்துச் சொல்வார். முடம்பட்ட ஆட்டுக்கால் போலக் கோணியிருப்பதால் என்று இன்னொருவர் பிரிப்பார். இரண்டையும் நம்பலாம், இரண்டையும் நம்பாமலும் இருக்கலாம். சொல்லைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் தமிழ்ப் பேராசிரியர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பது நிச்சயம்.

இந்தச் சொல் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கீழே இறங்கிவிட்டது. நாமக்கல், சேலம் வாரச் சந்தைகளில் கேட்கிறது; சமையல் காணொளிகளில் கேட்கிறது. பொருளுக்கு விலை கிடைத்தது, சொல்லும் கூடவே போயிற்று. மலையின் மற்ற சொற்களுக்கு இந்த யோகம் இல்லை. வட்டார வழக்கு என்றவுடன் ‘அங்கே ழகரத்தை எப்படிச் சொல்கிறார்கள், மரியாதைக்கு எந்த விகுதி போடுகிறார்கள்’ என்றுதான் நம் காது போகிறது. கொல்லிமலையைப் பொறுத்தவரை எனக்கு வேறொன்று முக்கியமாகப் படுகிறது. அங்கே ஒரு சொல்லின் ஆயுள் அது குறிக்கும் பொருளின் ஆயுளோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பொருள்களில் பல தானியங்கள்.

வட்டாரச் சொல்லைத் தமிழ் இலக்கணம் ஒருபோதும் ஒதுக்கியதில்லை. தொல்காப்பியம் செய்யுளுக்குரிய சொற்களை நான்காக வகுத்தபோது திசைச்சொல்லுக்கு அதில் ஓர் இடம் கொடுத்தது. செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரண்டு நிலங்களின் பெயர்களை உரையாசிரியர்கள் எண்ணிச் சொன்னார்கள். குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பர், அருவாநாட்டார் சிறுகுளத்தைக் கேணி என்பர் என்று எடுத்துக்காட்டும் தந்தார்கள். ஒரு வகையில் நம்முடைய முதல் வட்டார வழக்குச் சொல்லகராதி அந்த உரைகள்தான். ஆனால் அந்தப் பன்னிரண்டின் பட்டியலைப் படித்துப் பாருங்கள்: தென்பாண்டி உண்டு, மலாடு உண்டு, பூழி உண்டு. கொல்லி இல்லை. ஓரி ஆண்ட மலை, கொல்லிப்பாவை உறைந்ததாகப் பாடப்பட்ட மலை, சங்கப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் மலை. அங்கே உள்ளவர்கள் எதை என்னவென்று அழைத்தார்கள் என்று எந்த உரையும் சொல்லவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை சற்று மாறியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறை தமிழகத்தின் கிளைமொழிகளை ஒவ்வொன்றாக எடுத்து விவரித்து வெளியிட்ட காலம் ஒன்று உண்டு. 1969இல் காமாட்சிநாதன் திருநெல்வேலித் தமிழைப் பற்றி எழுதினார். 1971இல் கி. கருணாகரனின் கொல்லிமலைத் தமிழ்க் கிளைமொழி பற்றிய நூல் வந்தது. இரண்டும் ஆங்கிலத்தில். அந்தக் காலத்து விவரண மொழியியலுக்கு ஒலியும் உருபனும்தான் உயிர். அதைக் குறையென்று சொல்லமாட்டேன். அடித்தளம் போட்டவர்களிடம் மாடியும் கேட்கக் கூடாது. மாடியைக் கட்டியவர்கள் நாவலாசிரியர்கள். கி. ராஜநாராயணனின் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் கரிசலை எழுதியது. 2000இல் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதி கொண்டுவந்தார். 2007இல் கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி வந்தது. வரைபடத்தை விரித்தால், கொங்குச் சமவெளிக்கும் துறையூர், ஆத்தூர்ப் பக்கத்து ஊர்களுக்கும் நடுவே, ஆயிரம் மீட்டருக்கு மேலே கொல்லிமலை தனியாக நிற்கிறது. ஏறக்குறைய 280 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்போது நாற்பதாயிரம் பேர் அளவில் மக்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ‘மலையாளி’ என்ற பழங்குடியினர்.

இங்கே ஒரு தடுப்புப் போட்டுவிட வேண்டும். கொல்லிமலையைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு ஆசை வருகிறது: ‘இன்றும் அங்கே சங்கத் தமிழ் பேசுகிறார்கள்’ என்று சொல்லிவிடும் ஆசை. அதற்கு முதல் மறுப்பு அந்த மக்களுடைய சொந்தக் கதையிலேயே இருக்கிறது. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள், அண்ணன் தம்பி மூவர், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன், ஆளுக்கொரு மலைக்குப் போனார்கள் என்பது அந்தக் கதை. யார் எந்த மலைக்குப் போனார் என்பது சொல்பவரைப் பொறுத்து மாறும். சேர்வராயன், பச்சைமலை, கொல்லி என்ற பெயர்கள் இடம் மாறி மாறி வரும். கதை வரலாறாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஓரியின் குடிகள் நாங்கள் என்று அது சொல்லவில்லை. மலையில் இருந்தால் பேச்சு உறைந்துபோகும் என்பதும் பாதி உண்மைதான். மிளகும் காபியும் பலாவும் வாழையும் இறங்கி, உப்பும் துணியும் ஏறிய மலை இது. ஒதுங்கிய இடத்தில் பழைய சொல் தங்கும். புதுச் சொல்லும் அங்கேயே முளைக்கும்.

தங்கிய பழைய சொல்லுக்கு நல்ல உதாரணம் ‘நாடு’. கொல்லிமலை ஒன்றியத்தின் ஊராட்சிகள் பதினான்கு. அவற்றின் பெயர்களைப் பாருங்கள்: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு, பைல் நாடு. இப்படிப் பதினான்கும் நாடுகள். சமவெளியில் நாடு என்றால் இந்தியா, இலங்கை, அதிகம் போனால் தமிழ்நாடு. மலையில் அது சில குக்கிராமங்களின் தொகுப்பு. அதற்கு ஒரு பட்டக்காரர், ஊருக்கு ஊர் ஒரு ஊர்க்கவுண்டர் என்று பழைய ஏற்பாடு. சோழர் கல்வெட்டுகளில் ‘நாடு’ என்பது இதே அளவுதான்: சில ஊர்கள் சேர்ந்த ஒரு வேளாண் வட்டாரம். எ. சுப்பராயலு அந்த நாடுகளை ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்து 1973இல் நூலாக்கினார். கீழே அந்தப் பொருள் பெரும்பாலும் கல்லில் நின்றுவிட்டது. மேலே அது ஊராட்சி அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் இருக்கிறது. கல்வராயன் மலையிலும், கீழே கள்ளர் நாடுகளிலும் இந்தப் பொருள் உண்டு என்பதால் கொல்லிக்கு மட்டும் பட்டம் கட்டத் தேவையில்லை. மலைமேல் உள்ள செம்மேட்டில் பஸ்ஸுக்காக நிற்கும் ஒருவர் ‘எங்க நாடு’ என்று சொல்லும்போது பாஸ்போர்ட்டை நினைக்காமல் நான்கு குன்றுகளை நினைக்கிறார் என்பது போதும்.

இனி தானியங்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து கொல்லிமலையில் சிறுதானியங்களைப் பற்றி வேலை செய்து வருகிறது. மலைச் சரிவுகளில் விதைக்கப்பட்ட நாட்டு ரகங்களை அதன் ஆய்வாளர்கள் பெயரோடு பதிவு செய்தார்கள். அவர்கள் தேடியது விதையை. மொழி ஆராய்ச்சி அவர்கள் நோக்கமல்ல. ஆனால் அந்தப் பட்டியலை ஒரு தமிழ் மாணவன் படித்தால் எழுந்து உட்காருவான்.

சாமையில்: கட்டவெட்டிச் சாமை, திரிகுலாச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை, வெள்ளப்பெருஞ்சாமை. தினையில்: செந்தினை, பெருந்தினை, மூக்காந்தினை, கோரந்தினை, பாலாந்தினை. கேழ்வரகில்: சுருட்டைக் கேழ்வரகு, சாட்டைக் கேழ்வரகு, கருமுழியான் கேழ்வரகு, அரிசிக் கேழ்வரகு, காரக் கேழ்வரகு.

பெருஞ்சாமையை எடுத்துக்கொள்வோம். பெருமை, சாமை. ‘மை’ கெட்டது, ‘பெரு’ நின்றது, வருகிற சகரத்துக்கு இனமான ஞகரம் நடுவில் தோன்றியது. நன்னூல் பண்புப்பெயர்ப் புணர்ச்சிக்குச் சொல்லும் விதி இதுதான்: ஈறு போதல், இனம் மிகல். பெருந்தினையிலும் அதே கதை. தகரத்துக்கு நகரம் வந்தது. செந்தினையில் வேறு விதி: செம்மையின் ஈறு போய், எஞ்சிய மகரம் நகரமாகத் திரிந்தது. ஒன்பதாம் வகுப்பில் இந்த விதிகளை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கி மறந்தவர்கள் நாம். ஏட்டை எட்டிப் பார்க்காத ஒரு மூதாட்டி விதைக்கூடையைக் காட்டிச் சொல்லும் பெயரில் விதி பிசகாமல் இருக்கிறது. இன்று நாமே ஒரு புது ரகத்துக்குப் பெயர் வைத்தால் ‘பெரிய சாமை’ என்போம், அல்லது எழுத்தும் எண்ணும் சேர்த்து ஒரு குறியீடு கொடுப்போம். (பெருந்தினையை அச்சில் பார்க்கிறவர்கள் இன்னொரு வேடிக்கையையும் கவனித்திருப்பார்கள். தட்டச்சில் சுழி ஒன்று கூடினால் அது பெருந்திணையாகி, பொருந்தாக் காமத்தைப் பற்றிய இலக்கணமாகிவிடும்.)

மூக்காந்தினையின் நடுவே நிற்கும் ‘ஆந்’ சாரியையா, மூக்கன் என்ற பெயரின் மிச்சமா என்று இரண்டு இலக்கண ஆசிரியர்கள் ஒரு மாலைப் பொழுதைக் கழிக்கலாம். கருமுழியான் இன்னும் அழகு. முழி என்பது விழியின் பேச்சு வடிவம். கருவிழிக்காரன் என்று ஒரு தானியத்தை ஆண்பால் விகுதி போட்டு, எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிடுவது போலக் கூப்பிடுகிறார்கள். சாட்டை என்றதும் நீண்டு விறைத்த கதிரும், சுருட்டை என்றதும் உள்ளே மடங்கிய கதிர் விரல்களும் கண்முன் வருகின்றன. இவை பெயர்கள் மட்டுமல்ல, அடையாளக் குறிப்புகள். விதைத் திருவிழாவில் ஒரே போலத் தெரியும் பத்துக் கிண்ணங்களில் எது எது என்று கண்டுபிடிக்க இந்தச் சொற்களே கைவிளக்கு.

கேழ்வரகு என்ற பொதுப் பெயரே யோசிக்கத்தக்கது. இந்த ஒரு தானியத்தை வைத்துத் தமிழ் நிலத்தின் வரைபடத்தைப் போட்டுவிடலாம். வடக்கே கேவுரு, தெற்கே கேப்பை, சேலம், தருமபுரி, கோவைப் பக்கம் ராகி, யாழ்ப்பாணத்தில் குரக்கன். சென்னைக்காரருக்கும் கோவைக்காரருக்கும் ‘கேழ்வரகு’ பாடப்புத்தகச் சொல், அல்லது கடைப் பொட்டலத்தின் பின்பக்கச் சொல். கொல்லிமலை ரகங்களின் பதிவான பெயர்களில் அது வீட்டுச் சொல். சுற்றிலும் ராகி என்கிற சமவெளிக்கு நடுவே மலைமேல் கேழ்வரகு நிற்கிறது. ‘செந்தமிழ்’ எது, ‘கொச்சை’ எது என்று கையை நீட்டிக் காட்டுவது அவ்வளவு சுலபமில்லை என்பதற்கு இதைவிடச் சிறிய சாட்சி வேண்டாம். கடுகைவிடக் கொஞ்சம்தான் வேறுபடும் அளவு.

இந்தத் தானியங்கள் விளைந்த வயல்கள் சுருங்கிவிட்டன. காரணம் ரகசியம் அல்ல. சேலம், நாமக்கல் வட்டாரத்தின் ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி வேண்டும்; மலைச் சரிவில் மரவள்ளி வரும்; ரொக்கம் கைக்கு வரும். ரேஷன் கடையில் அரிசி முதலில் மலிவாகவும், 2011 ஜூன் முதல் இலவசமாகவும் கிடைத்தது. மூன்றாவது காரணத்தைப் பெண்களிடம் கேட்க வேண்டும். சாமையின் உமி லேசில் விடாது. உரலில் போட்டு உலக்கையால் குத்தி, புடைத்து, கொழித்து, மறுபடி குத்தி, தெள்ளி எடுக்கவேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்கு அரைநாள் தோள்வலி. பின்னால் அந்த ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியம் உடைக்கும் இயந்திரங்களை மலைக்குக் கொண்டுவந்தது, வேலை குறைந்தது. கூடவே ஒன்றும் நடந்தது. புடைத்தல் வேறு, கொழித்தல் வேறு, தெள்ளுதல் வேறு. முறத்தைப் பிடிக்கும் கையின் மூன்று வெவ்வேறு அசைவுகள் அவை. மில்லுக்குப் போய் வருகிற வீட்டில் மூன்றுக்கும் சேர்த்து ‘அரைச்சுட்டு வர்றது’ ஒன்றே போதும். வினைச்சொற்களைக் காப்பாற்றுவதற்காக எந்தப் பெண்ணும் உலக்கை பிடிக்க வேண்டும் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. இருந்தால் அது தைரியமும் இல்லை. போகிற சொல்லை எழுதிக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

பொருளை விட்டுச் சொல்லைப் படிக்க முடியாது என்று ஐரோப்பாவில் ஒரு கட்சியே இருந்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் ருடால்ஃப் மெரிங்கர் 1909இல் தொடங்கிய ஆய்விதழின் பெயரே ‘சொற்களும் பொருள்களும்’. ஏர், அடுப்பு, கூரை, வண்டி என்று பொருளை வரைந்து, அதன் ஒவ்வொரு உறுப்புக்கும் ஊர்ச் சொல்லை எழுதுவது அவர்கள் முறை. அதற்குச் சற்று முன்னால் பிரான்சில் ஜூல் ஜில்லியெரோன் நாடு முழுவதற்கும் ஒரு மொழி வரைபடம் போடத் தீர்மானித்தார். ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுத அவர் தேர்ந்தெடுத்தது எட்மோன் எட்மோன் என்ற மளிகைக் கடைக்காரரை. மனிதருக்குக் காது கூர்மை. அவர் 1897 முதல் 1901 வரை சைக்கிளில் சுற்றி 639 இடங்களில் கேள்விப் பட்டியலை நிரப்பினார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1794இல், பாதிரியார் கிரெகுவார் ஊர்ப் பேச்சுகளை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று அறிக்கை வாசித்த அதே நாடு அது. ஒழிப்பதற்கு ஒரு நூற்றாண்டு முயன்றபின் எழுதிக்கொள்ள ஒரு சைக்கிளை அனுப்பினார்கள். நமக்கு அந்தக் காலத்தில் அதுவும் வாய்க்கவில்லை. கிரியர்சனின் இந்திய மொழி அளவாய்வு சென்னை மாகாணத்தைத் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டது. 1906இல் வந்த அதன் திராவிட மொழித் தொகுதி தமிழின் கிளைகளாகக் குறவர், இருளர், கைக்காடி போன்றோரின் பேச்சைச் சொல்கிறது. கொல்லிமலை அங்கேயும் இல்லை.

‘மலையாளி’ என்ற பெயரால் வந்த சங்கடமும் ஒன்று இருக்கிறது. மலை, ஆளி: மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர். கேரளத்து மலையாளிக்கும் கொல்லிமலை மலையாளிக்கும் சொல் ஒன்று, மொழி வேறு. வெளியூரில் வேலைக்குப் போன கொல்லிமலை இளைஞர் சாதிச் சான்றிதழை நீட்டினால், ‘கேரளாவா?’ என்ற கேள்வி வரும். ‘இல்லை சார், நாமக்கல்’ என்றால் ‘அப்புறம் எப்படி மலையாளி?’ என்று அடுத்த கேள்வி. இது எரிச்சலோடு முடிந்துபோகும். முடியாதது இன்னொன்று. 1909இல் எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியுடன் சேர்ந்து ஏழு தொகுதிகளாக எழுதிய தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் நூலில், இவர்கள் சமவெளியிலிருந்து குடியேறிய தமிழ் பேசும் மக்கள், பூர்வ மலைக்குடிகள் அல்லர் என்ற தொனியில் எழுதிவைத்தார். பேச்சு தமிழாக இருப்பதே பழங்குடித் தன்மைக்கு எதிரான சாட்சியாகப் பயன்படுகிற நிலை அங்கே தொடங்கியது. அவர்கள் பேசுவது தமிழ்தான். அந்தத் தமிழ் எந்தத் தமிழ் என்ற கேள்வியைத்தான் அப்போது யாரும் கேட்கவில்லை. இன்று தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள் மலையாளிகளே. 2011இல் மூன்றரை லட்சத்துக்கு மேல். பட்டியலில் அவர்கள் பெயருக்கு எதிரே மாவட்டங்களின் பெயர்களும் எழுதப்பட்டிருக்கின்றன. அதில் ஈரோடு இல்லாததால் பர்கூர் மலையில் வாழும் அதே மக்கள் பல பத்தாண்டுகளாகச் சான்றிதழ் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உறவும் பேச்சும் மாவட்ட எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை; சான்றிதழ் நிற்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் கி.ரா.வின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ பகுதி வந்தது நல்ல காரியம். கரிசல் சொற்களுக்கு அங்கே பொருள் விளக்கமும் மரியாதையும் உண்டு. மலையின் உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் பிள்ளையும் அதைப் படிக்கிறாள். கோவில்பட்டிப் பக்கத்துச் சொல்லுக்குப் பொருள் எழுதி மதிப்பெண் வாங்குகிறாள். அதே பிள்ளைக்கு ‘பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுக’ என்றொரு பயிற்சியும் உண்டு. எழுத்து வழக்கு தெரியவேண்டும், அதில் தகராறு இல்லை; தேர்வும் வேலையும் அதில்தான் இருக்கின்றன. அந்தப் பயிற்சி எப்போதும் ஒரே திசையில் போவதுதான் எனக்கு உறுத்தல். ‘உன் பாட்டி வீட்டில் இருக்கும் சாமை எந்தச் சாமை? ஏன் அந்தப் பெயர்? பிரித்து எழுதுக’ என்று ஒரு வினா கேட்டால் ஆசிரியருக்குப் புணர்ச்சி விதி நடத்தும் வேலையும் மிச்சமாகும். ‘பெருமை+சாமை’ என்று பலகையில் எழுதும்போது அந்தப் பிள்ளைதான் வகுப்பிலேயே அதிகம் தெரிந்தவளாக இருப்பாள்.

ஒரு வேண்டுகோள், ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் துறையூரிலும் கல்லூரியில் தமிழ் படிக்கிற மாணவர்களுக்கு. கருணாகரனின் நூல் வந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. எட்மோனுக்கு 639 இடங்கள் இருந்தன, உங்களுக்குப் பதினான்கு நாடுகள்தான். அவர் சைக்கிள் மிதித்தார், உங்களுக்குச் செம்மேடு வரை பஸ் இருக்கிறது. விதைப்புக் காலத்தில் ஒரு முறை, அறுவடையில் ஒரு முறை போங்கள். சொல்லை மட்டும் எழுதாதீர்கள். எந்த விதை, எந்தக் கருவி, எந்தக் கை அசைவு என்று பக்கத்தில் எழுதி, சொல்லும் குரலைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். சொன்னவருக்கு முதலில் படித்துக் காட்டுங்கள். ஆளுக்கு ஒரு நாடு என்று பிரித்தால் பதினான்கு பேர் போதும்.